மொட்டைத் தலையும் முழங்காலும்



நான் மேடை ஏறியபோது முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டதைக் கவனித்தேன். தாராளமாகச் சிரியுங்கள். ‘வழுக்கைக்கு மருந்து’ என்று அழைப்பிதழில் அச்சடித்துவிட்டு, மேலே எரியும் குழல்விளக்கைக் கீழேயும் காட்டுகிற ஒரு தலையைக் கொண்டுவந்து நிறுத்தினால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? பல் இல்லாதவன் முறுக்கு விற்க வந்த மாதிரிதான்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் மாணவர்களுக்கு மருந்தியல் நடத்தினேன். தலையில் வழுக்கை விழத் தொடங்கி முப்பத்தேழு ஆண்டுகள் ஆகின்றன. ஆக, இன்றைய பொருளில் என் படிப்பைவிட என் தலைக்குத்தான் அனுபவம் அதிகம்.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். சம்பந்தமில்லாத இரண்டைச் சேர்த்துப் பேசுகிறவனை மடக்க அதைவிடக் கூரான பழமொழி கிடையாது. முடிச்சுப் போட வேண்டுமென்றால் முடி வேண்டாமா? ஆனால், நண்பர்களே, இந்த மாலை முழுக்க நான் அந்த முடிச்சைத்தான் போடப்போகிறேன். ஏனென்றால், வழுக்கைக்கு மருந்து தேடிய மனிதர்களின் கதையில், வழுக்கையை மட்டுமே பார்த்துக்கொண்டு தேடியவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றம்தான் மிச்சம். வேறு எதையோ தேடிப் போனவர்களின் காலில்தான் மருந்து இடறியது.

தேடல் எவ்வளவு பழையது? ஏறத்தாழ கி.மு. 1550இல் எழுதப்பட்ட ஏபர்ஸ் பப்பிரஸ் என்ற எகிப்திய மருத்துவச் சுவடியில் வழுக்கைக்கு ஒரு தைலம் இருக்கிறது. சிங்கம், நீர்யானை, முதலை, பூனை, பாம்பு, மலையாடு ஆகிய ஆறின் கொழுப்பையும் கலந்து தடவ வேண்டும். சிங்கத்தைப் பிடித்துக் கொழுப்பெடுக்கக் கிளம்புகிறவனுக்குத் தலைமுடியைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்குமா? தலையே திரும்பி வருமா என்பதல்லவா கவலை! மருத்துவத்தின் தந்தை என்று நாம் கொண்டாடும் ஹிப்போகிரட்டீஸ் புறா எச்சத்தைப் பூசச் சொன்னார் என்பார்கள். அவரும் நம்ம ஆள்தான், வழுக்கை. ஜூலியஸ் சீசருக்கு ரோமாபுரி எத்தனையோ மரியாதைகளை அள்ளிக் கொடுத்தது. எப்போதும் லாரல் இலை முடி சூடிக்கொள்ளலாம் என்ற உரிமைதான் அவருக்கு ரொம்பப் பிடித்ததாம். காரணம் உங்களுக்குத் தெரியும்.

ஆனால் அந்த ஹிப்போகிரட்டீஸ் ஒன்றைச் சரியாகக் கவனித்திருந்தார். விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை. அந்தக் கவனிப்பு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் சும்மா கிடந்தது. 1942இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூற்று அறிஞர் அதைக் கையில் எடுத்தார். பருவம் வரும் முன்பே விதைகள் செயலற்றுப்போன ஆண்களை ஆராய்ந்தார். அவர்கள் தலையில் வழுக்கை இல்லை. டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துப் பார்த்தார். குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு முடி கொட்டத் தொடங்கியது. குடும்பத்தில் இல்லாதவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆண் ஹார்மோன் வேண்டும், பரம்பரையும் வேண்டும்; இரண்டும் கைகோத்தால்தான் வழுக்கை. ஹெல்மெட்டும் இல்லை, போர்த் தண்ணீரும் இல்லை, தலையணையும் இல்லை. இதை நான் எத்தனை கல்யாண வீடுகளில் சொல்லியிருப்பேன்! கேட்டுவிட்டு, “இருந்தாலும் உங்க ஊர்த் தண்ணி உப்பு சார்” என்பார்கள்.

சரி, தலைக்குள் என்னதான் நடக்கிறது? டெஸ்டோஸ்டிரோனை ஒரு நொதி பிடித்து, அதைவிட வீரியமான டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. டிஎச்டி என்பார்கள். உச்சந்தலையில் இருக்கும் முடிக்குழிகளுக்கு அது ஆகாது. ஆகாது என்றால் முடி ஒரேயடியாகச் செத்துவிடுவதில்லை. சிறுத்துப்போகிறது. இந்த முறை தடிமனாக முளைத்தது அடுத்த முறை மெலிந்து முளைக்கும். அதற்கடுத்த முறை குழந்தையின் கன்னத்துப் பூனைமுடிபோல வரும். உங்களில் யாராவது வழுக்கைத் தலையை வெயிலில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? என் பேத்தி பார்த்திருக்கிறாள். “தாத்தா, உங்க தலைல நிறைய முடி இருக்கு, ஆனா கண்ணுக்குத் தெரியாத முடி” என்றாள். ஐந்து வயதுக் குழந்தை. என் பாடம் முழுக்க அந்த ஒரு வரியில் வந்துவிட்டது.

2011இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் கோட்சரேலிஸ் குழுவினரும் இதைத்தான் வேறு விதமாகக் காட்டினார்கள். வழுக்கை விழுந்த தோலிலும் முடிக்கான குருத்தணுக்கள் அப்படியே இருக்கின்றன. விதை இருக்கிறது, முளைக்கத்தான் மாட்டேன் என்கிறது. இந்த ஒரு உண்மைதான் தேடுகிறவர்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. நிலம் பாழ் என்றால் விட்டுவிட்டுப் போய்விடலாம். விதை உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தால் எப்படிப் போவது?

இப்போது முதல் முடிச்சு. அமெரிக்காவின் அப்ஜான் நிறுவனத்திடம் மினாக்சிடில் என்று ஒரு மாத்திரை இருந்தது. ரத்தக் கொதிப்புக்கு. வேறு எதற்கும் அடங்காத கொதிப்புக்கு. 1970களின் தொடக்கத்தில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கொதிப்பு இறங்கியது. முடி ஏறியது! நெற்றியில், கன்னத்தில், கையில். பெண்களுக்கும். அந்த நோயாளிகளுக்கு அது பெரிய தொல்லை. அங்கே இருந்த தோல் மருத்துவர் குன்டர் கானும் அவரிடம் பயிற்சியில் இருந்த பால் கிராண்ட்டும் அந்தத் தொல்லையைப் பார்த்தார்கள். மாத்திரையைக் கரைத்து நீர்மமாக்கித் தங்கள் தோலிலேயே பூசிக்கொண்டார்கள். பூசிய இடத்தில் முடி முளைத்தது.

கைதட்டல் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? அனுமதியில்லாமல் எங்கள் மருந்தை எப்படித் தொடலாம் என்ற கோபம்தான் கிடைத்தது. காப்புரிமை யார் பேரில் என்று பல ஆண்டு வழக்காடினார்கள். கடைசியில் கானின் பெயரும் அதில் ஏறியது. 1979இல் கொதிப்பு மாத்திரையாக அனுமதி பெற்ற மினாக்சிடில், 1988இல் தலையில் தடவும் மருந்தாக அனுமதி பெற்றது. அமெரிக்க அரசு முடி வளர்ச்சிக்கென்று அனுமதித்த முதல் மருந்து அதுதான். ‘ரீகெய்ன்’ என்று பெயர் வைக்கப் பார்த்தார்கள். இழந்ததைத் திரும்பப் பெறுவாய் என்ற பொருள் வருகிறது, அவ்வளவு வாக்குறுதி கூடாது என்று அமெரிக்க அதிகாரிகள் மறுத்துவிட, ‘ரோகெய்ன்’ ஆனது. ஒரே ஓர் உயிரெழுத்தை மாற்றி ஒரு வாக்குறுதியைக் குறைத்திருக்கிறார்கள்! நம் ஊர் எண்ணெய் விளம்பரங்களை அந்த அதிகாரிகளிடம் காட்டினால் என்ன ஆவார்களோ.

அந்தச் செய்தி வந்தபோது எனக்கு இருபத்தேழு வயது. நெற்றி ஏற ஆரம்பித்திருந்த நேரம். பிறகு பாட்டில் நம் ஊருக்கும் வந்தது, நானும் வாங்கினேன். அதன் வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்கிறேன், கேளுங்கள். ஒரு சொட்டுக்குழாய். அதில் ஒரு மில்லி கோடு. காலையில் ஒரு மில்லி, இரவில் ஒரு மில்லி. வழுக்கைத் தலையில் ஒரு மில்லி என்பது ஓடுகிற தண்ணீர். பிடித்து நிறுத்த அங்கே முடி ஏது? நெற்றி வழியாக இறங்கிக் கண்ணுக்கு வரும், தலையணையில் ஒட்டும். முதல் மாதம் இன்னொரு வேடிக்கை: இருக்கிற முடியும் கொட்டும். ஓய்வில் கிடந்த பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதிய முடி கிளம்புகிறது, அதனால்தான் கொட்டுகிறது என்று வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். குளியலறை வடிகாலில் கொத்தாகக் கிடப்பதைப் பார்க்கும்போது அந்தப் பாடம் எதற்கும் உதவவில்லை. நான்கு மாதம் கழித்து வந்தது. உண்மையாகவே வந்தது. உச்சியில் மெல்லியதாக ஒரு பசும்புல். ஆறு ஆண்டு காப்பாற்றினேன். பிறகு ஒரு மழைக்காலத்தில் மூன்று நான்கு மாதம் விட்டுவிட்டேன், அவ்வளவுதான். மினாக்சிடில் தருவது சொந்த வீடு அல்ல, வாடகை வீடு. வாடகை நின்றால் சாமான் தெருவுக்கு வந்துவிடும்.

இரண்டாவது முடிச்சு இன்னும் தூரத்தில் இருக்கிறது. கரீபியக் கடலில் டொமினிக்கன் குடியரசு. அதன் தென்மேற்கு மூலையில் சலினாஸ் என்ற கிராமம். அங்கே சில குழந்தைகள் பெண் என்று கருதப்பட்டு வளர்ந்து, பூப்பு வயதில் ஆணுடல் பெற்றார்கள். ஜூலியான் இம்பராட்டோ மெக்கின்லி என்ற மருத்துவர் அங்கே போய் ஆராய்ந்து, 1974இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். டிஎச்டியை உண்டாக்கும் அந்த நொதி அவர்களுக்குப் பிறவியிலேயே குறைவு. இவர்கள் வளர்ந்து பெரியவர்களான பிறகும் பிராஸ்டேட் சுரப்பி சிறியதாகவே இருந்தது. முன்நெற்றி முடியும் ஏறவில்லை.

மெர்க் நிறுவனத்தின் கண் பட்டது முடியில் அல்ல, பிராஸ்டேட்டில். கிழவர்கள் இரவில் நான்கு முறை எழுந்து போகிறார்களே, அந்த வீக்கத்துக்கு மருந்து செய்யலாம் என்று அந்த நொதியை அடைக்கும் ஃபினாஸ்டெரைடை உருவாக்கினார்கள். 1992இல் ஐந்து மில்லிகிராம் பிராஸ்டேட்டுக்கு வந்தது. 1997இல் ஒரு மில்லிகிராம் வழுக்கைக்கு வந்தது. மூத்திரப் பைக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு நூலின் மறுமுனை உச்சந்தலையில் இருந்திருக்கிறது பாருங்கள். உதிர்வதை நிறுத்துவதில் அது கெட்டிக்கார மருந்து. விலையும் உண்டு. சிலருக்கு ஆண்மையில் குறை சொல்கிறார்கள், மனச்சோர்வு சொல்கிறார்கள். தற்கொலை எண்ணமும் ஒரு பக்கவிளைவு என்று ஐரோப்பிய மருந்துகள் முகமை 2025இல் உறுதிசெய்திருக்கிறது. கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது. மருந்துக்கடைக்காரரிடம் அட்டையை நீட்டி வாங்கிப்போகிற தம்பிகளே, இதை மருத்துவரிடம் பேசிவிட்டு வாங்குங்கள்.

இரண்டு மருந்து சொன்னேன். நேராக வழுக்கையைத் தேடிப்போனவர்கள் என்ன ஆனார்கள்?

1999இல் பிரிட்டனில் டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் காலின் ஜஹோடா ஒரு காரியம் செய்தார். தன் தலைமுடியின் வேர்ப்பகுதியிலிருந்து சில உயிரணுக்களை எடுத்து, தன் மனைவியும் உடன் ஆய்வாளருமான அமாண்டா ரெனால்ட்ஸின் முன்கையில் வைத்தார். கணவன் தலையில் விதை, மனைவி கையில் பயிர்! முடி முளைத்தது. உலகமே எழுந்து உட்கார்ந்தது. நாலு உயிரணுவை எடு, கண்ணாடித் தட்டில் லட்சமாக்கு, திரும்ப ஊசியில் ஏற்று, முடிந்தது வழுக்கையின் கதை! இன்னும் ஐந்தே ஆண்டு என்றார்கள்.

தட்டில் லட்சமாக்கினார்கள். லட்சமானது. ஆனால் பெருகப் பெருக அந்த அணுக்கள் தாங்கள் யார் என்பதை மறந்துபோயின. முடி வளர்ப்பதே எங்கள் வேலை என்ற நினைப்பு இல்லாமல் வெறும் தோலணுக்களாக உட்கார்ந்துகொண்டன. வெளிநாட்டுக்குப் போன பிள்ளை ஊர்ப் பேச்சை மறந்த மாதிரி. 2013இல் ஜஹோடாவும் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆஞ்சலா கிறிஸ்டியானோவும், அவற்றைத் தட்டில் பரப்பாமல் தொங்கும் துளிகளில் உருண்டையாக வளர்த்தால் பழைய நினைவு கொஞ்சம் திரும்புகிறது என்று காட்டினார்கள். அப்போதும் ஐந்து ஆண்டு என்றார்கள். ஜப்பானில் அடெரன்ஸ் என்று ஒரு நிறுவனம். அவர்கள் தொழில் விக் செய்வது. விக் விற்பவரே வழுக்கைக்கு மருந்து தேடிப் பணம் போட்டார் என்றால் அந்த நம்பிக்கை எவ்வளவு பெரியது! அதே 2013இல் அந்த உயிரணு ஆராய்ச்சிக்கான பணத்தை நிறுத்திவிட்டார்கள்.

எலிகளுக்கு வழுக்கை தீர்ந்து ரொம்ப நாளாகிறது, தெரியுமா? மாதத்துக்கு ஒருமுறை செய்தித்தாளில் ஒரு எலி வருகிறது, முதுகில் கருகருவென்று முடியோடு. அதன் ரகசியம் இது: எலியின் முதுகில் முடிக்குழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்வெடுக்கும், ஒரே நேரத்தில் எழும். ஓய்வு நேரம் பார்த்துச் சிரைத்துவிட்டு எதையாவது தடவினால், கொஞ்சம் முன்கூட்டியே விழித்துக்கொள்ளும். மனிதத் தலை அப்படியா? ஏறத்தாழ ஒரு லட்சம் முடி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கடிகாரம். எலி ராணுவ அணிவகுப்பு, நாம் சந்தைக்கடை. இதனால்தான் எலி ஜெயிக்கிறது, நாம் காத்திருக்கிறோம்.

காத்திருக்க முடியாதவர்கள் நடவுக்குப் போகிறார்கள். நான் வேண்டுமென்றே நடவு என்கிறேன். பின்னந்தலை முடிக்கு டிஎச்டி பயம் கிடையாது. அதைப் பிடுங்கி முன்னால் நட்டாலும் அந்தத் தைரியத்தை மறப்பதில்லை. நியூயார்க்கின் நார்மன் ஓரன்ட்ரைக் 1950களில் கண்டுசொன்னது இது. அவருக்கு முன்பே 1939இல் ஜப்பானில் ஒகுடா என்ற மருத்துவர் தலைமுடியை எடுத்து நட்டு எழுதியிருந்தார். போர் வந்தது, மேற்குலகுக்கு அது எட்டவில்லை. பின்வயல் நாற்றைப் பிடுங்கி முன்வயலில் நடுகிறோம், புது நாற்று ஒன்றுகூடப் பிறப்பதில்லை. பின்வயல் எவ்வளவு, முன்வயல் எவ்வளவு என்று கணக்குப் பார்க்காமல், “நாலாயிரம் கிராஃப்ட், ஆஃபர் போட்டிருக்கோம்” என்று சொல்கிற இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்படி எழுந்து வராதவன் நான். எந்த ஊர், எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். என் ரத்தத்தையே எடுத்து இயந்திரத்தில் சுழற்றி, தெளிந்த பகுதியைத் தலையில் குத்தினார்கள். ஆறு முறை. முதல் நாள் புகைப்படம் எடுக்கும்போது தலையை நனைக்கச் சொன்னார்கள், நேர் மேலே விளக்கு. கடைசி நாள் முடியைக் காயவைத்துச் சீவி, விளக்கைப் பக்கவாட்டில் வைத்து எடுத்தார்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கே முடி வளர்ந்திருந்தது! ஆட்டோவில் வீட்டுக்கு வந்து குளியலறைக் கண்ணாடியில் பார்த்தேன். பழைய ஆள்தான் நின்றான். இந்தியாவின் 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் ஜே அட்டவணை என்று ஒன்று உண்டு. எந்த மருந்தும் இந்த நோய்களைக் குணப்படுத்துவதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற பட்டியல். அதில் வழுக்கையும் இருக்கிறது. இதைப் பரீட்சையில் கேள்வியாகக் கேட்டவன் நான். ஆறு முறை ஊசி போட்டுக்கொண்டவனும் நானே. ஆசை வந்து உட்கார்ந்த தலையில் படிப்புக்கு இடம் இருப்பதில்லை.

இதுவரை ஆண்களைப் பற்றியே பேசினேன். பெண்களுக்குப் பொதுவாக நெற்றி ஏறாது, வகிடு அகலமாகும். காலையில் வகிடெடுக்கும்போது அது ஒற்றையடிப் பாதையாக இருந்து வண்டிப்பாதையாவதை ஒரு பெண் கண்ணாடியில் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆணின் வழுக்கைக்குக் கேலியாவது உண்டு, அவளுக்கு அதுகூட இல்லை, அக்கறைபோல ஒரு கேள்விதான்: “என்னம்மா, முடி இப்படி ஆயிடுச்சு?” நம் ஊரில் ரஜினிகாந்த் வழுக்கைத் தலையோடு விழா மேடைக்கு வருகிறார், படத்தில் முடியோடு வருகிறார், இரண்டுக்கும் விசில் பறக்கிறது. அந்தச் சுதந்திரம் எந்த நடிகைக்காவது உண்டா? இந்தக் கவலை தேர்தல் மேடைக்கும் போயிருக்கிறது. தென் கொரியாவில் 2022 அதிபர் தேர்தலில் போட்டியிட்ட லீ ஜே-மியூங் முடியுதிர்வுச் சிகிச்சையைக் காப்பீட்டில் சேர்ப்பேன் என்று வாக்குறுதி கொடுத்தார். பாதிப் பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை, அவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசி முடிச்சுக்கு வருகிறேன். புழுவெட்டு தெரியும் அல்லவா? காசு அளவில் வட்டமாக முடி கொட்டும். சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்திருப்பீர்கள். சிலருக்கு அது தலை முழுக்க, புருவம் இமை வரைக்கும் போய்விடும். இது என் மாதிரி வழுக்கை அல்ல. உடலின் காவல் படையே முடிக்குழியைப் பகையாளி என்று எண்ணித் தாக்குவது. நான் முன்னே சொன்ன கிறிஸ்டியானோவுக்கே அந்த நோய் உண்டு. தன் தலையில் விழுந்த வட்டத்தைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் இந்தத் துறைக்கு வந்தார். அவருடைய குழுவினர் 2014இல், ஜாக் தடுப்பான்கள் என்ற மருந்து வகையால் அந்தத் தாக்குதல் நிற்கிறது, முடி திரும்புகிறது என்று காட்டினார்கள். அந்த வகையைச் சேர்ந்த பாரிசிட்டினிப் என்ற மாத்திரையை 2022 ஜூனில் கடுமையான புழுவெட்டுக்கு அமெரிக்கா அனுமதித்தது. தொற்று வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மருத்துவர் கண்காணிப்பு வேண்டும், மலிவும் இல்லை. ஆனால் வருடக்கணக்கில் தலையில் துணி கட்டிக்கொண்டிருந்த சிலருக்கு முடி வந்திருக்கிறது.

அது முதலில் எதற்கு வந்த மாத்திரை தெரியுமா? முடக்குவாதத்துக்கு. கைவிரல் மூட்டு, மணிக்கட்டு, முழங்கால்!

இதைப் படித்த அன்று என்னால் உட்கார முடியவில்லை. சமையலறைக்குப் போய் என் மனைவியிடம் சொன்னேன். “மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் நிஜமாவே முடிச்சுப் போட்டுட்டாங்கம்மா!” அவளுக்குப் பத்து வருடமாக முழங்கால் வலி, தேய்மானம்தான், வாதம் இல்லை. எனக்கு இருப்பதும் புழுவெட்டு இல்லை. இரண்டு பேருக்கும் அந்த மாத்திரையால் எந்தப் பயனும் இல்லை என்பதையும் சேர்த்தே விளக்கினேன். முழுவதையும் கேட்டுக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

இரவில் கட்டிலில் உட்கார்ந்து அவள் முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பது வழக்கம். தேய்த்து முடித்ததும் உள்ளங்கையில் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அதைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொள்வாள். அன்றிலிருந்து துடைப்பதில்லை. நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து என் தலையில் தடவிவிட்டுப் போகிறாள். இரண்டு வருடமாகிறது. நேற்றும் தடவினாள்.